45 நாள் ஓட்டம், 320 நாள் நிறுத்தம்

சிங்கப்பூரில் 35 வயது நிறைந்த காரையோ மோட்டார்சைக்கிளையோ ‘கிளாசிக்’ வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். மற்றவர்கள் ஏலத்தில் பெரும் பணம் கட்டி எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் அதற்குத் தேவையில்லை. ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே வண்டியைச் சாலையில் இறக்கலாம். 1940க்கு முன் தயாரான ‘விண்டேஜ்’ வண்டி என்றால் அதுவும் 28 நாளாகக் குறைந்துவிடும். மீதி நாளெல்லாம் வண்டி நின்றுகொண்டிருக்க வேண்டும்.

நிற்கிற வண்டிக்கு என்ன கேடு வந்துவிடும், ஓடினால்தானே தேயும் என்று கேட்கத் தோன்றும். பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவர்களின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. ஓடித் தேய்ந்த எஞ்சினைச் சரிசெய்வது கணக்குத் தெரிந்த வேலை. எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து, அந்த அளவுக்கு ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன் போட்டால் முடிந்தது. நின்று கெட்ட எஞ்சினில் எது எங்கே பிடித்திருக்கிறது, எது எதைத் தின்றிருக்கிறது என்று திறந்து பார்க்கும்வரை தெரியாது. ஓய்வு ஏன் எஞ்சினைக் கெடுக்கிறது, கெட்டதை எப்படித் திருப்புவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், பள்ளிக்கூடத்தில் படித்த வேதியியலும் இயற்பியலும் ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கும்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்

பழைய எஞ்சினை மீட்கும் பொழுதுபோக்குக்கு அமெரிக்காவில் பெயர்போனவை தோட்டத்து டிராக்டர்கள். 1946இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் தொடங்கிய வீல் ஹார்ஸ் போன்ற நிறுவனங்கள், வீட்டுத் தோட்டத்தை உழவும் புல் வெட்டவும் போதுமான குட்டி டிராக்டர்களைச் செய்து விற்றன. கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்த அவற்றை இழுத்து வந்து மறுபடி ஓடவைப்பது அங்கே பலருக்கு வார இறுதி வேலை.

அதே 1946இல் இத்தாலியில் வெஸ்பா பிறந்தது. போருக்குமுன் விமானம் செய்த பியாஜியோ நிறுவனத்துக்காக அதை வடிவமைத்த கொர்ராடினோ தஸ்கானியோ, ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் பேர்பெற்ற பொறியாளர். மறு ஆண்டு மிலானிலிருந்து லாம்பிரெட்டா வந்தது. 1955இல் இந்திய ராணுவத்தின் தேவைக்காக மெட்ராஸில் என்ஃபீல்ட் புல்லட்டைப் பூட்டத் தொடங்கினார்கள். போர் முடிந்து, பணம் குறைவாகவும் வேலை நிறையவும் இருந்த உலகத்துக்காகச் செய்யப்பட்ட வண்டிகள் இவை.

சிங்கப்பூரில் சுமார் 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். தோட்டமும் இல்லை, கொட்டகையும் இல்லை. அதனால் அமெரிக்காவில் டிராக்டருக்கு இருக்கும் இடத்தை இங்கே ஸ்கூட்டரும் மோட்டார்சைக்கிளும் எடுத்துக்கொண்டன. உள்ளே இருக்கும் எஞ்சின் பெரும்பாலும் ஒரே ஜாதிதான்: ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது, ஒரு கார்புரேட்டர், பொறிக்கு ஒரு மேக்னெட்டோ அல்லது ஒரு காயில். தஞ்சாவூர் வயலில் மருந்தடிக்கும் எஞ்சினைப் பிரித்துப் பழகியவர், கொஞ்சம் பொறுமை இருந்தால் வெஸ்பாவையும் பிரித்துவிடுவார்.

சந்தை போன பிறகு

லிட்டில் இந்தியா என்றால் நகைக்கடை, பூக்கடை, சாப்பாட்டுக்கடை என்றே பலருக்கும் நினைவு வரும். சிராங்கூன் சாலையைவிட்டு டெஸ்கர் ரோடு, ரோவெல் ரோடு வழியாக ஜாலான் புசார் பக்கம் நடந்தால் தெருவின் முகம் மாறும். ஹார்ட்வேர் கடைகள், குழாய்க் கடைகள், நட்டு போல்ட்டுக் கடைகள் என்று வரிசை கட்டி நிற்கும். அதையொட்டித்தான் சுங்கை ரோட்டுச் சந்தை இருந்தது. 1930களிலிருந்து நடந்துவந்த அந்தப் பழைய பொருள் சந்தைக்குத் ‘திருட்டுச் சந்தை’ என்றொரு பட்டப்பெயரும் உண்டு. பிரிட்டிஷ் படைகள் இங்கே இருந்த காலத்தில் ராணுவச் சாமான்கள் அங்கே வந்து குவிந்தன. பழைய கேமரா, கடிகாரம், ஸ்பேனர் என்று எதையும் தரையில் விரித்து விற்றார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு சந்தை மூடப்பட்டது.

சந்தை போனாலும் உதிரி பாகம் தேடும் பழைய வண்டிக்காரர்கள் முற்றாகக் கைவிடப்படவில்லை. அதற்கு ஒரு காரணம் இந்தியா. இத்தாலியில் லாம்பிரெட்டா தயாரிப்பு 1970களின் தொடக்கத்தில் நின்றது. அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களையும் உரிமையையும் இந்திய அரசு வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. வெஸ்பாவைப் புனேயில் பஜாஜ் உரிமம் பெற்றுச் செய்தது. புல்லட் இங்கிலாந்தில் நின்றுபோன பிறகும் சென்னையில் நிற்கவே இல்லை. மூலநாட்டில் தயாரிப்பு நின்றபின் பல ஆண்டுகள் உதிரி பாகங்கள் வந்துகொண்டிருந்தன என்றால் அது இந்தியப் பட்டறைகளின் கொடை. உதிரி கிடைப்பதால் மட்டும் எஞ்சின் பிழைக்காது. முதலில் அது எதனால் சாகிறது என்று தெரிய வேண்டும்.

காற்றில் இருக்கும் தண்ணீர்

துருப்பிடிக்க இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் வேண்டும். தண்ணீர் மழையாகக் கொட்ட வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் கூடக்கூட, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் உலோகத்தின்மேல் படிகிறது. அந்தப் படலம் போதும். இரும்பின் ஓரிடம் எலெக்ட்ரானை இழக்கும், பக்கத்தில் இன்னோரிடம் அதை வாங்கும். பேட்டரிக்குள் நடக்கும் அதே மின்வேதியியல் ஒரு சிலிண்டர் சுவரின் மேல் நடந்து முடியும்.

1930களில் வெர்னன் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஒரு முக்கியமான எல்லையைக் கண்டார். மாசு கலந்த காற்றில், ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்வரை இரும்பு மெதுவாகவே அரிக்கப்படுகிறது. தாண்டியதும் அரிப்பின் வேகம் சட்டென்று ஏறுகிறது. உப்புத்துகள் படிந்திருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். தீவைச் சுற்றிக் கடல் வேறு. ஆக, இங்கே இரும்பு ஆண்டு முழுவதும் வெர்னனின் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் வாழ்கிறது.

கோவிட் காலத்தில் பறக்க வேலையில்லாமல் நின்ற ஏ380 விமானங்கள் சிலவற்றைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020இல் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பிவைத்ததும் இதனால்தான். அது பாலைநிலம், காற்று வறண்டிருக்கும். விமான நிறுவனத்துக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. லாம்பிரெட்டாக்காரருக்குப் பல மாடிக் கார் நிறுத்துமிடம்தான்.

துருவின் இன்னொரு குணமும் கவனிக்கத்தக்கது. தான் தோன்றிய இரும்பைவிட அது இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் துரு ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அலுமினியக் கூட்டில் இரும்பு போல்ட்டு பூட்டியிருக்கும் இடத்தில் கதை சற்று மாறும். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். அதன் ஆக்சைடு மரையின் இடுக்கில் நிறைந்து போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும்.

எஞ்சின் தானே உண்டாக்கும் தண்ணீர்

வெளிக்காற்றின் ஈரத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியும். எஞ்சின் தனக்குத்தானே தண்ணீர் உண்டாக்கிக்கொள்வதைப் பற்றிச் சிலருக்கே தெரியும். பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருள். எரியும்போது ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் வரும்.

சூடான எஞ்சினில் அது ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினிலோ சிலிண்டர் சுவரிலும் சைலன்சருக்குள்ளும் துளித்துளியாகப் படியும். வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். எரியும்போது உண்டாகும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் அந்தத் தண்ணீரில் கரைந்து மெல்லிய அமிலமாகும். பேரிங்கை அரிப்பது அந்த அமிலம்.

வாரத்துக்கு ஒருமுறை வண்டியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வண்டிமேல் உள்ள அன்பில் செய்வதுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் சேர்கிறது, அதை ஆவியாக்கி வெளியேற்றும் சூடு மட்டும் வருவதில்லை. ஸ்டார்ட் செய்யாமலே விட்டிருந்தால்கூட நல்லது. ஓட்டுவதென்றால் சாலையில் இறக்கி, ஆயில் நன்றாகச் சூடேறும்வரை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். அதே காரணத்தால், நீண்ட நாள் நிறுத்தப்போகும் வண்டிக்கு ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்ற வேண்டும். மீண்டும் எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், அமிலம் கலந்த ஆயிலில் பேரிங் அத்தனை மாதமும் ஊறிக்கிடக்கும்.

பெட்ரோலுக்கும் வயதாகும்

பெட்ரோல் ஒற்றைப் பொருளல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் லேசானவைதான் எளிதில் ஆவியாகிக் குளிர்ந்த எஞ்சினை எழுப்பிவிடுபவை. டேங்கின் மூடி முழுக்க அடைக்காது, காற்றோட்டத்துக்கு ஒரு துளை உண்டு. முதலில் பறந்துபோவது இந்த லேசான பகுதிதான். எஞ்சியிருக்கும் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்பு உள்ளவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிப்பது அதனால்.

அந்தப் பிசின் போய் அடைக்கும் இடம் கார்புரேட்டரின் ஜெட். பல வெஸ்பா, லாம்பிரெட்டா வண்டிகளில் இருக்கும் டெல்லார்ட்டோ கார்புரேட்டரில் ஜெட்டின் மேல் 100, 102 என்று எண் பொறித்திருக்கும். துளையின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். 102 என்றால் 1.02 மில்லிமீட்டர். மெதுவோட்டத்துக்கான ஜெட்டின் துளை இதில் பாதிதான் இருக்கும். கம்பியை விட்டுக் குத்தித் துளையைச் சுத்தம் செய்கிறவர்கள் பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். நூறில் இரண்டு பங்கு கூடினாலே எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அளவு மாறும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்து ஊதுவதே சரியான முறை.

இந்தியாவில் இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓரளவுக்குமேல் இழுத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதில் ஊறி உப்பிவிடும். ஊரில் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் குழாய்க்கு மாறுவது நல்லது.

பிடித்துக்கொண்ட பிஸ்டன்

நெடுநாள் நின்ற வண்டியின் கிக்கரை மிதித்தால் இறங்காது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருக்கும். இங்கே சுத்தியலை எடுப்பவர் தோற்பார். அலுமினியப் பிஸ்டனின் தலை உடையுமே தவிர, துரு விடாது.

முதல் மருந்து பொறுமை. ஊடுருவும் ஆயிலையோ, டீசலையோ, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்த கலவையையோ ப்ளக் துளை வழியாக ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். இடைவெளி குறுகக் குறுக, பரப்பு இழுவிசையால் திரவம் இன்னும் ஆழமாக இழுக்கப்படும். துரு தன்னைக் காத்துக்கொள்ளும் அந்த இடுக்கு வழியாகவே அதற்கு எதிரியும் உள்ளே போகிறது.

அதற்கும் மசியாவிட்டால் பாஸ்கலின் விதி கைகொடுக்கும். ப்ளக் துளையில் கிரீஸ் நிப்பிளைப் பொருத்தி, கிரீஸ் கன்னால் கிரீஸை அழுத்த வேண்டும். 150 சிசி லாம்பிரெட்டாவின் சிலிண்டர் விட்டம் 57 மில்லிமீட்டர், அதாவது பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 25.5 சதுர சென்டிமீட்டர். கையால் அழுத்தும் கிரீஸ் கன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தத்தை எளிதாகத் தரும். பெருக்கினால் பிஸ்டன்மேல் இரண்டரை டன் விசை, அதுவும் அடியாக விழாமல் சீராகப் பரவி இறங்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் சுவரிலேயே வாசல்கள் இருப்பதால், பிஸ்டன் அவற்றுக்கு மேலே நின்று பிடித்திருந்தால்தான் கிரீஸ் தங்கும். கீழே நின்றுவிட்டால் கிரீஸ் சைலன்சருக்குள் ஓடும். புல்லட் போன்ற நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும்.

பேரிங்கைக் கழற்றுவதில் சூடு உதவும். ஒரு டிகிரி சூடேறினால் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், இரும்பு 12 பங்கு. 47 மில்லிமீட்டர் பேரிங் பூட்டிய அலுமினியக் கூட்டை 30 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குச் சூடாக்கினால், துளை பேரிங்கைவிட ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக விரிந்திருக்கும். பேரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததே அந்த அளவுதான். கூட்டைக் கவிழ்த்துத் தட்டினால் பேரிங் தானாக விழும்.

புளியும் மின்சாரமும்

தேக்கா மார்க்கெட்டில் புளி வாங்கிப் பித்தளை அண்டாவைத் துலக்கும் வீட்டில், துருப்பிடித்த டேங்கைச் சுத்தம் செய்யும் வேதியியல் ஏற்கெனவே இருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோக ஆக்சைடைக் கரைத்து, உலோக அயனியைக் கவ்விக்கொண்டு நீரோடு போகும். டேங்குக்குப் பலரும் பயன்படுத்தும் சிட்ரிக் அமிலமும் அதையேதான் செய்கிறது. பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான கரைசலை ஊற்றி ஓர் இரவு வைத்து, பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசினால் உள்ளே சாம்பல் நிற இரும்பு தெரியும்.

இந்த ஊரில் அதன்பிறகுதான் அவசரம். சுத்தமான இரும்பு ஈரக்காற்றைக் கண்ட சில நிமிடங்களில் மறுபடி ஆரஞ்சு நிறத்துக்கு மாறத் தொடங்கும். சூடான காற்றை ஊதி உடனே உலர்த்தி, டூ ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி உட்பக்கம் முழுக்க நனைய ஆட்டிவிட வேண்டும்.

கழற்றக்கூடிய இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைசல், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பலியிட ஒரு பழைய இரும்புத் துண்டு. துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவ் முனையிலும் பலித்துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் கட்ட வேண்டும். எலெக்ட்ரான்கள் துருவுக்குள் பாய்ந்து அதன் பிடியைத் தளர்த்தும், நல்ல இரும்பு ஒரு துளியும் குறையாது. மூன்று எச்சரிக்கைகளை மறக்கக்கூடாது. பலித்துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டால் அதிலுள்ள குரோமியம் நச்சாகிக் கரைசலில் கலக்கும். அலுமினியப் பாகத்தை உள்ளே விட்டால் காரத்தில் அதுவே கரைந்துபோகும். வரும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருப்பதால் வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும், அடுக்குமாடி வீட்டின் குளியலறை அதற்கான இடமல்ல.

பொறி எங்கே போனது?

சுழலும் காந்தம் கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831இல் காட்டினார். மேக்னெட்டோவின் அடிப்படை அதுதான். சுருளில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் பாயிண்ட் திறந்து அதை வெட்டுகிறது. வெட்டியதும் காந்தப்புலம் சரிய, பல்லாயிரம் சுற்றுள்ள இரண்டாம் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி ப்ளக்கில் பொறி தாவும். பாயிண்ட் திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

நின்ற வண்டியில் பாயிண்டின் முகத்தில் ஆக்சைடு படிந்திருக்கும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் மின்சாரம் கடக்காது. மெல்லிய உப்புத்தாளில் ஒரு முறை இழுத்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் பாதி வண்டிகளுக்குப் பொறி திரும்பும். மீதிக்குக் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பழைய கண்டென்சர்கள் மெழுகிட்ட தாளைச் சுருட்டிச் செய்தவை. ஈரம் உள்ளே போனால் மின்சாரம் கசியும். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மறுபடி கிளம்பும் வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு கண்டென்சரிலோ காயிலிலோ இருக்கும்.

டூ ஸ்ட்ரோக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஆயில் சீல் காய்ந்து இறுகியிருந்தால் அதன் இடுக்கு வழியே எஞ்சின் காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து எரிப்புச் சூடு ஏறும். பெட்ரோலோடுதானே மசகு ஆயிலும் வருகிறது? ஆக, சூடு கூடும் அதே நேரத்தில் மசகு குறையும். வெற்றிகரமாக ஸ்டார்ட் ஆன வண்டி சில கிலோமீட்டரிலேயே மீண்டும் பிஸ்டன் பிடித்து நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம். சில வெள்ளி சீலை மாற்றாமல் விட்டதற்கு ஒரு பிஸ்டன் தண்டம்.

மண்ணெண்ணெயில் ஓடிய ஊர்

நிற்பதும் ஓடுவதும் எஞ்சினுக்கு என்ன செய்கின்றன என்று ஊரளவில் காட்டிய இடம் யாழ்ப்பாணம். 1990இல் இலங்கை உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் நின்றது, உதிரி பாகமும் நின்றது. அங்கே அப்போது ஓடியவை ஆஸ்டின், மோரிஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களும் மோட்டார்சைக்கிள்களும். மக்கள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். தெருவெல்லாம் புகை சூழும்.

இந்த உத்திக்கு உழவு டிராக்டரில் பழைய முன்னோடி இருக்கிறது. 1949இல் வந்த ஃபெர்குசன் டிஇடி20 டிராக்டரும் இதே முறையில் ஓடியது. பெட்ரோலில் கிளப்பி, குழாய்கள் சூடான பிறகு மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் சூடு வேண்டும். ஆக்டேன் குறைவு என்பதால், அழுத்தம் அதிகமானால் தீ வந்து சேருமுன்பே கலவை தானாகப் பற்றி எஞ்சின் தட்டும். அதனால் அந்த டிராக்டரில் அழுத்த விகிதத்தைக் குறைத்தே செய்திருந்தார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களின் அழுத்த விகிதமும் இன்றைய கார்களைவிடக் குறைவு. யாழ்ப்பாணத்தார் செய்துகாட்டியதை ஒரு புதிய காரில் முயன்றால் எஞ்சின் தாங்காது.

2002இல் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 சாலை திறந்தபோது வெளியூரிலிருந்து போனவர்கள், அரை நூற்றாண்டு வயதுள்ள கார்கள் அங்கே வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து வியந்தார்கள். அவை தேய்ந்திருந்தன, புகைந்தன, ஆயிலைக் குடித்தன. ஆனால் தினமும் ஓடின. தினமும் சூடேறிய எஞ்சினில் தண்ணீர் தங்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் சுவரில் ஆயில் புதிதாகப் பூசப்பட்டது. பழுதைச் சரிசெய்யும் கைகளும் பழக்கம் விடாமல் இருந்தன.

எட்டு நாளுக்கு ஒருமுறை

அப்படியானால் சிங்கப்பூர்க்காரருக்குக் கிடைக்கும் நாள்கள் போதாதா? 365ஐ 45ஆல் வகுத்தால் எட்டு. எட்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் நன்றாக ஓடினால், பெட்ரோல் பிசினாகாது, சீல் காயாது, ஆயிலில் தண்ணீர் தங்காது. தீபாவளி வாரத்திலும் நீண்ட விடுமுறையிலும் நாள்களை மொத்தமாகச் செலவழித்துவிட்டு மாதக்கணக்கில் மூடிவைப்பதுதான் கேடு. வேதியியல் பார்ப்பது மொத்த நாளை அல்ல, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை.

நீண்ட நாள் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், டேங்கை விளிம்புவரை நிரப்ப வேண்டும் அல்லது முழுக்க வடித்து ஆயிலால் நனைக்க வேண்டும். பாதி டேங்க்தான் ஆபத்து, மீதிப் பாதியில் ஈரக்காற்று நிற்கும். பெட்ரோல் குழாயை அடைத்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காய்ந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் அதற்கும் முன்பே கார்புரேட்டர் வழியே கொஞ்சம் ஆயிலைத் தெளித்து ஓடவிட வேண்டும், கிராங்க் பேரிங்கைக் காக்கும் ஆயில் அங்கே வேறு வழியில் வராது. மூடியிடும் துணி காற்றுப் போகக்கூடியதாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

இடையில் விழும் வண்டிகள்

சட்டத்தில் இன்னொரு தேதி நெருங்குகிறது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட முடியாது. கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு. காரணம் நியாயமானது. பழைய டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே நுழையும்போது புகைபோக்கி வாசலும் திறந்தே இருக்கும். போட்ட பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே வெளியே போய்விடும். நெருக்கமான நகரத்தில் அதைச் சுவாசிப்பவர்கள் தெருவில் நடப்பவர்கள்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2028இல் 35 வயது நிறைய வேண்டுமானால் வண்டி 1993க்குள் பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு, 2003 நடுப்பகுதிவரை பதிவான வண்டிகள் கிளாசிக் ஆவதற்கு இளையவை, சாலையில் ஓடுவதற்கு முதியவை. இப்போதுள்ள விதிப்படி, 1998இல் பதிவான ஒரு வண்டி தன் 35ஆவது வயதை 2033இல் எட்டும். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அது சாலையைவிட்டுப் போயிருக்கும். சாலையிலிருந்து நீக்கிய வண்டியைப் பிரித்தழிக்க வேண்டும் அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அதாவது, 2028 நடுப்பகுதிக்குப் பிறகு பத்தாண்டுவரை கிளாசிக் பட்டியலில் புதிதாகச் சேர இங்கே உள்ளூர் மோட்டார்சைக்கிள் அநேகமாக இருக்காது. அப்போது பட்டியலில் இருப்பவையே கையிருப்பு. வெஸ்பாவோ லாம்பிரெட்டாவோ புல்லட்டோ ஒன்று பிஸ்டன் பிடித்துக் கைவிடப்பட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வராது. 1993க்கு முந்தைய வண்டியை வீட்டில் யாராவது மறந்து நிறுத்திவைத்திருந்தால், அது எந்தத் திட்டத்துக்குப் பொருந்தும் என்று விசாரித்து, டேங்கை வடித்து, ப்ளக் துளையில் ஆயிலை ஊற்ற வேண்டிய நேரம் இது.